கூம்பு பொறுக்கும் ஓட்டம்

என் வயிற்றைப் பார்க்கும் யாரும் நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்று நம்புவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வந்த வயிறு என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் மனைவி பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பொய் செல்லாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அது எனக்கு முன்னால் திடலுக்குள் நுழைந்தது. நான் விசிலோடு அதன் பின்னால் போனேன்.

ஐம்பத்தைந்தில் போதும் என்று வந்துவிட்டேன். போன வாரம் குவீன்ஸ்டவுனில் நான் வேலை பார்த்த பழைய தொடக்கப்பள்ளியிலிருந்து ஹஃபீஸ் அழைத்தான். என் இடத்தில் இப்போது இருப்பவன். புதிதாக வந்திருக்கும் முதல்வர் விளையாட்டு நாளில் ஓட்டப்பந்தயத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்கிறாராம். பாதி ஆசிரியர்கள் வேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் பிள்ளைகள் மனம் நொந்துபோவார்கள் என்கிறார்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டான். பேருந்து வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் உட்கார்ந்திருந்தது ஜாலான் புசாரில் என் வீட்டு சோபாவில். நேரடியான கேள்விக்கு வாழ்க்கை முழுவதும் நான் இப்படித்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் பேருந்து வராது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தில் எனக்குக் கற்பித்ததில் மனத்தில் நின்றது கொஞ்சம்தான். விசில் ஊதினால் பிள்ளைகள் நிற்பார்கள். நிற்காவிட்டால் மறுபடியும் ஊத வேண்டும். அதற்கு மேல் எதுவும் நினைவில்லை. உண்மையான தொழிலை விளையாட்டு நாளில்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் முடிவுக்கோட்டில் நின்று.

முடிவுக்கோட்டு வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சும்மா நிற்பது போலத் தெரியும். முதலிடத்துக்கு ஒரு நடுவர், இரண்டாமிடத்துக்கு ஒருவர், மூன்றாமிடத்துக்கு ஒருவர். முதலிட நடுவர் முதலில் வரும் பிள்ளையைத் தவிர வேறு யாரையும் பார்க்கக் கூடாது. இரண்டாமிட நடுவருக்கு முதல் பிள்ளை கண்ணிலேயே படக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது, நெஞ்சைப் பார்க்க வேண்டும். முகம் ஏமாற்றும், பின்னால் வருகிறவனும் ஜெயிக்கிறவன் மாதிரிதான் பல்லைக் கடித்துக்கொண்டு வருவான். கோட்டைத் தாண்டியதும் பிள்ளையின் தோளைப் பிடித்து, இடத்தின் எண் எழுதிய குச்சியைக் கையில் கொடுத்து, அதே எண் ஒட்டிய நாற்காலியில் உட்கார வைக்கும்வரை தோளை விடக் கூடாது. விட்டால் அவன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். சற்று நேரத்தில் அந்தக் குச்சியோடு அவனுடைய தம்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

கோட்டின் குறுக்கே பிடிக்கும் நூலுக்கும் ஒரு சாத்திரம் உண்டு. ரிப்பன் கட்டினால் அறுந்துபோகாது, பிள்ளையைத்தான் பிடித்து இழுக்கும். ரஃபியா என்ற பிளாஸ்டிக் கயிறு தோலைக் கிழித்துவிடும். கம்பளி நூல்தான் நெஞ்சு பட்டவுடன் விட்டுக்கொடுக்கும். தேக்காவுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு தையல் சாமான் கடையில் சிவப்பு நூல்கண்டு வாங்குவேன். கடைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் யாருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறீர்கள் என்று கேட்பார். சிங்கப்பூர் வெயிலில் ஸ்வெட்டர் பின்னும் ஒரே ஆண்பிள்ளை என்று அவரிடம் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

நான் முதலிட நடுவராக நின்ற முதல் ஆண்டு, வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பையன்கள் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். நான் ஒருவனைப் பிடித்தேன். கூட்டத்திலிருந்து இரண்டு அம்மாக்கள் குடையோடு என்னை நோக்கி வந்தார்கள். மழை இல்லை. நான் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்ப் பந்துகளுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தேன். அம்மாக்கள் போய்விட்டார்கள் என்று யாரோ கதவைத் தட்டிச் சொன்னபோது, அந்தப் பள்ளியில் காற்றில்லாத பந்து ஒன்றுகூட இல்லை.

இப்படியே பல ஆண்டுகள். விளையாட்டு நாளுக்கு முந்தைய வாரம் எனக்கு வயிறு சரியிருக்காது, அன்று காலையில் குரல் வராது, முடிந்த பிறகு பசி தாங்காது. பிறகு மிஸஸ் லோ எங்கள் பள்ளிக்கு முதல்வராக வந்தார்.

மிஸஸ் லோ யாருக்கும் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. "நான் சும்மா யோசிக்கிறேன், மிஸ்டர் சிவா" என்று மெல்லிய ஆங்கிலத்தில் தொடங்குவார். கூடைப்பந்து வலை கொஞ்சம் கிழிந்த மாதிரி இருக்கிறதோ என்று சும்மா யோசித்தால், மதியத்துக்குள் புது வலை தொங்க வேண்டும். யோசித்து முடித்ததும் கையிலிருக்கும் சுடுதண்ணீர்க் குடுவையின் மூடியைத் திறந்து ஒரு வாய் குடிப்பார். பிறகு மூடியை நிதானமாகத் திருகுவார். அந்த மூடி இறுகுவதற்குள் நாம் சம்மதித்திருக்க வேண்டும். இறுகிய பிறகு சம்மதித்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. நான் திறக்கும்போதே சம்மதித்துவிடுவேன்.

ஒரு நாள் கூட்டத்தில், விளையாட்டு நாளில் பந்தயம் எதற்கு என்று சும்மா யோசித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் அன்று காலையில் மட்டும் வயிற்றுவலி என்று அலுவலகத்தில் வந்து படுத்துக்கொள்ளும் பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். (எனக்கும் அதே வயிற்றுவலிதான், ஆனால் எனக்குக் கட்டில் கொடுக்க மாட்டார்கள்.) கடைசியாக ஓடிவரும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். யோசித்தேன். பார்த்ததில்லை. எங்கள் பள்ளியில் நடுவர்கள் மூன்றாமிடத்தோடு சரி. கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும்போது நாங்கள் எல்லோரும் நாற்காலிகள் பக்கம் திரும்பியிருப்போம்.

மூடி இறுகியது. விளையாட்டு நாள் விளையாட்டுக் கொண்டாட்டம் ஆனது. திடல் முழுக்க நிலையங்கள். வளையம் எறிவது, பஞ்சில் தண்ணீர் சுமப்பது, பெரிய வண்ணத் துணியைச் சுற்றி நின்று பிடித்துப் பந்தைத் துள்ள விடுவது. ஒவ்வொரு நிலையத்திலும் கையில் ஒரு முத்திரை. எல்லாருக்கும் பதக்கம். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதி. முதலிடமே இல்லையென்றால் குடையும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல், தர்ஷினி.

தொடக்கநிலை ஆறில் இருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஓடும்போது கால் தரையில் படும். இவளுக்குத் தரை தேவைப்பட்ட மாதிரியே தெரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் ஓடிய பந்தயங்களில் எல்லாம் அவள் தோளைத்தான் நான் பிடித்திருக்கிறேன். மற்றபடி கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்று எதை எடுத்தாலும் வகுப்பின் அடிவாரத்தில் இருப்பாள். அவள் அம்மா மல்லிகா பேருந்து ஓட்டுநர். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குச் சீருடையோடு வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆசிரியர் முன்னாலும் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொள்வார். என் மேசைக்கு வந்த பிறகுதான் தலை நிமிரும். நான் அப்படியொன்றும் பெரிதாகச் சொல்ல மாட்டேன். "நல்லா ஓடுறா" என்பேன். அதைக் கேட்டுவிட்டு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

கொண்டாட்டத்துக்கு முந்தைய ஞாயிறு, தேக்கா ஈரச்சந்தையில் மீன் கடை முன்னால் மல்லிகா என்னைப் பிடித்துவிட்டார்.

"சார், இந்தத் தடவ லீவு குடுக்கல. கூட ஓட்டுற ஆளுக்கு என் ரெண்டு ஆஃப் டேயை விட்டுக்குடுத்து மாத்தி வாங்கியிருக்கேன். கடைசி வருஷம் லா. இவ ஓடுறதப் பாக்காம விட்டா எனக்கு மனசே ஆறாது."

சுற்றறிக்கை வீட்டுக்குப் போயிருந்தது. விளையாட்டுக் கொண்டாட்டம் என்றால் விளையாட்டு நாளை அழகாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். இந்த ஆண்டு யாரும் ஓடப் போவதில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். வாயைத் திறந்தேன்.

"வாங்கம்மா. கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க. நல்ல இடமாப் பாத்து நிக்கலாம்."

பிறகு அங்கே நிற்க முடியாமல் பக்கத்துக் கடையில் ஒரு கிலோ நண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நண்டு சாப்பிட்டால் எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்பது என் மனைவிக்குத் தெரியும். யாருக்குப் பயந்து வாங்கினீர்கள் என்று கேட்டாள். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் விளைந்த கேள்வி அது.

அந்த வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. கொண்டாட்டம் முடிந்ததும் பிள்ளைகளே திடலை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். பொறுப்புணர்ச்சி என்று சுவரில்கூட எழுதி வைத்திருக்கிறோம். திடலின் அந்தக் கோடியில், இடம் குறிக்க வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகள் எட்டு மிச்சமிருக்கட்டும். தொடக்கநிலை ஆறு பிள்ளைகள் எட்டுப் பேர் போய், ஆளுக்கு ஒரு கூம்பை எடுத்து வந்து என் முன்னால் வைக்கட்டும். இதில் போட்டி எங்கே இருக்கிறது? இது துப்புரவு. இதை எதிர்க்கிறவர் பொறுப்புணர்ச்சியை எதிர்க்கிறார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று காலை மல்லிகா எல்லாருக்கும் முன்னால் வந்து, வேலிக்கு வெளியே, முடிவுக்கோடு வழக்கமாக இருக்கும் இடத்துக்கு நேராக நின்றார். பெற்றோர் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சீருடை இல்லை, நல்ல சுடிதார் போட்டிருந்தார். மகள் வளையம் எறிந்ததைப் பார்த்தார். பஞ்சைப் பிழிந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வண்ணத் துணிக்குப் பின்னால் நகர்ந்தேன். தர்ஷினியின் புறங்கை முழுக்க முத்திரைகள் இருந்தன, முகத்தில்தான் ஒன்றும் இல்லை. என்னைத் தேடி வந்து பந்தயம் எப்போது என்று கேட்டாள். கடைசியில் கொஞ்சம் கூம்பு எடுக்கிற வேலை இருக்கிறது என்றேன். நான் பைத்தியமாகிவிட்டேனோ என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

நேரம் வந்தது. தர்ஷினியையும், பக்கத்தில் கைக்கு அகப்பட்ட ஏழு பேரையும் அழைத்தேன். அவர்களில் ஆயிஷா என்று ஒரு பெண். அந்த மாதம்தான் வேறு பள்ளியிலிருந்து வந்தவள், கூச்சத்தில் வாயே திறக்காத பிள்ளை. தகுதிச்சுற்று என்று எதுவும் இல்லாததால் அவள் முழுவேகத்தில் ஓடி நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகளே, அந்தக் கூம்புகளை எடுத்து வாருங்கள் என்றேன். ஓடலாமா சார் என்று ஒரு பையன் கேட்டான். உங்கள் இஷ்டம் என்றேன்.

எட்டுப் பேரும் கூம்புகளைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வரிசையாக, ஒரு காலை முன்னால் வைத்துக் குனிந்தார்கள். உலகத்தில் யாரும் துப்புரவு வேலைக்கு அப்படிக் குனிந்ததில்லை.

என் பக்கத்தில் மிஸஸ் லோ வந்து நின்றார்.

"நான் சும்மா யோசிக்கிறேன், மிஸ்டர் சிவா. கூம்புகள் ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடத்தில் இருக்கின்றன?"

"காற்று, மேடம்," என்றேன்.

அந்தப் பதிலின் அதிர்ச்சியில் என் கை தானாக விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதிவிட்டது.

நிலையங்கள் அந்தக் கணமே காலியாகின. வண்ணத் துணியை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகள் திடலின் ஓரத்துக்கு ஓடி வந்தார்கள். காலையிலிருந்து கேட்காத சத்தம். கூம்பை எடுத்துக்கொண்டு எட்டுப் பேரும் திரும்பிவிட்டார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. சத்தத்தில்தான் தெரிந்தது, ஏனென்றால் மிஸஸ் லோ குடுவையின் மூடியைத் திறந்துவிட்டார், நான் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடித்தார். திருகத் தொடங்கினார். சம்மதம் சொல்லத் தயாராக இருந்தேன், எதற்கு என்றுதான் தெரியவில்லை. அப்போது என் காலடியில் டப், டப் என்று இரண்டு கூம்புகள் விழுந்தன.

குனிந்து பார்த்தேன். முழங்காலில் கை ஊன்றியபடி தர்ஷினி. அதேபோல் ஆயிஷா. இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்ஷினிதான் கேட்டாள்.

"சார், யாரு ஃபர்ஸ்ட்?"

திடலில் பாதி தர்ஷினி என்றது, பாதி ஆயிஷா என்றது. வேலிக் கம்பிக்குள் விரல்களைக் கோத்து மல்லிகா நின்றார். அந்த ஆண்டு பள்ளியில் நடந்த ஒரே பந்தயம், அதற்கு ஒரே நடுவர், அந்த நடுவர் ஒரு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மூச்சிரைக்க நின்ற இன்னொரு பெண்ணைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. என் பின்னால் கட்டியிருந்த பதாகையில் அன்றைய அதிகாரபூர்வமான பதில் பெரிய எழுத்தில் இருந்தது. அதையே சொன்னேன்.

"இன்னிக்கு எல்லாருமே ஃபர்ஸ்ட்தாம்மா."

தர்ஷினி நிமிர்ந்தாள். "சார் பாக்கலையா?"

"பாக்கலம்மா."

"பாக்காம அப்புறம் எதுக்கு சார் இங்க நிக்கிறீங்க?"

வாய்த்துடுக்கு இல்லை அது. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எந்தப் பேருந்தும் வரவில்லை. ஆயிஷாவும் சின்னக் குரலில், எனக்கும் தெரிய வேண்டும் என்றாள். அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை.

தமிழ் தெரியாத மிஸஸ் லோ, தர்ஷினி என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்தேன். பயத்தில் எனக்குப் பொய் சரளமாக வரும். அதைவிடப் பெரிய பயத்தில் வராது என்று அன்றுதான் தெரிந்தது. சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"நான் சும்மா யோசிக்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் எடுக்காத கூம்புகள் ஏதாவது இருக்குமோ?"

ஒன்றுகூட இல்லை. எட்டும் என் காலடியில் கிடந்தன.

"இருக்கு, மேடம்," என்று எட்டையும் அடுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். நான் ஓடி அந்தப் பள்ளி பார்த்ததில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஓடுவார் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச்செய்தி. காலையிலிருந்து பிரிந்து கிடந்த சிவப்பு இல்ல அணியும் நீல இல்ல அணியும் ஒன்றாகச் சேர்ந்து என் பெயரைச் சொல்லிக் கத்தின. என் வயிறு ஒரு தடத்திலும் நான் ஒரு தடத்திலும் ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். கூம்புகளைக் காற்றை நம்பி விடாமல் நேர்கோட்டில் வைத்துவிட்டு, நடந்து திரும்பி வந்தேன். எனக்காக எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

முன்பு ஓடிய எட்டுப் பேரில் ஒரு பிள்ளை மறுபடி ஓட வேண்டாம் என்று புல்லில் உட்கார்ந்துகொண்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மிஸஸ் லோ போய் அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, குடுவையை இருவருக்கும் நடுவில் வைத்தார். எனக்கு இனிப் பார்ப்பதற்குத் திடலைத் தவிர ஒன்றுமில்லை.

விசில் ஊதினேன். கண்ணைச் சிமிட்டவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தேன். போகும்போது தர்ஷினி முன்னால். கூம்பை எடுத்துத் திரும்பும் இடத்தில் ஆயிஷா அவளை எட்டிப் பிடித்தாள். அதற்குப் பிறகு ஆயிஷாவைப் பிடிக்க முடியவில்லை. கோட்டைத் தாண்டியதும் ஆயிஷாவின் தோளில் கை வைத்தேன். ஃபர்ஸ்ட் என்றேன். மற்றொரு கையை எடுத்து, இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக, தர்ஷினியின் தோளில் வைத்து மற்றொரு சொல்லைச் சொன்னேன்.

"நீ செகண்ட்மா."

பின்னால் வந்த ஐந்து பேருக்கும் எண் சொன்னேன். ஏழாவதாக வந்தவன் தன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனான். பிறகு வேலிப் பக்கம் திரும்பினேன். இரண்டு விடுமுறை நாளை விட்டுக்கொடுத்த ஒரு தாயை வரவழைத்து, ஐந்து ஆண்டுகளாக ஜெயித்த மகளைக் கண் முன்னால் தோற்க வைத்திருக்கிறேன். பந்தயமே இல்லை என்று விட்டிருந்தால் அவள் தோற்காத பெண்ணாகவே இந்தப் பள்ளியை விட்டுப் போயிருப்பாள்.

"எவ்வளவு சார்?" என்றாள் தர்ஷினி.

எனக்குப் புரியவில்லை. எவ்வளவு தூரத்தில் விட்டேன் என்று கேட்டாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். துணிக்கடையில் அளந்து பார்ப்பவள்போல் அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு ஆயிஷாவிடம் போய், அவள் பழைய பள்ளியில் தினமும் பயிற்சி உண்டா என்று விசாரித்துவிட்டு, வேலிப் பக்கம் நடந்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நானும் பின்னாலேயே போனேன். "மல்லிகாம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சார், ஒரு நிமிஷம் இருங்க," என்றார் என்னைப் பார்க்காமலே. கண் மகள் மேல் இருந்தது. "அங்க போயி நின்னுட்டல்ல நீ?"

"நிக்கலம்மா."

"நின்ன. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். கூம்ப எடுக்கறதுக்குன்னு தனியா ஒரு ஸ்டாப் போடுற. அந்தப் பொண்ணு எடுக்கும்போதே திரும்பிட்டா."

"எடுக்காம எப்படித் திரும்புறது?"

"வளைவுல போயி நின்னா ப்ரேக் அடிப்பாங்க? முன்னாடியே அடிச்சிட்டுத் திரும்பிக்கிட்டே போகணும் லா."

பள்ளி விட்டதும் இருவரும் வாசல் வழியாக வெளியே போனார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் மல்லிகா நின்று, தோளிலிருந்த கைப்பையைக் கழற்றி நடைபாதையின் நடுவில் வைத்தார். நாலடி பின்னால் போனார். நல்ல சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு ஓடிவந்து, குனிந்து, பையை வாரி எடுத்துக்கொண்டே திரும்பினார். தப்பு, கால் தப்பு என்று தர்ஷினி தலையில் அடித்துக்கொண்டாள். பையைப் பிடுங்கி மறுபடியும் கீழே வைத்தாள். நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, யார் நன்றாகத் திரும்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான்.